ஈஸ்ட்டுக்கு வந்த காய்ச்சல்

ரொட்டி டாக்டருக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது தப்பு. மூக்கு வரைக்கும் ஏறி வரும் பொறுமை அந்தக் கோபத்துக்குக் கிடையாது. பேருந்தில் காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவன், மருந்துக் கடை வரிசையில் குறுக்கே புகுந்தவள், விசேஷ வீட்டில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "இன்னும் அதே வேலைதானா?" என்று கேட்ட சித்தப்பா, எல்லாருக்கும் கையோடு கொடுத்து அனுப்பிவிடுவாள். மிச்சம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகம் புதைக்கிற ரகம் இல்லை.

ரொட்டி டாக்டர் என்ற பெயரே அந்தச் சித்தப்பா வைத்ததுதான். முனைவர் பட்டம் வாங்கி வந்த அன்று, "எதுலம்மா டாக்டர்?" என்று கேட்டார். ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி என்றாள்.

"ரொட்டி உப்புறதுக்குப் போடுவாங்களே, அதா?"

"அதேதான்."

"அதுக்கா இத்தனை வருஷம்? பேக்கரில கேட்டிருந்தா ஒரே நாள்ல சொல்லிக் கொடுத்திருப்பானே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. சிரித்த ஒருவருக்காவது தங்கள் உடம்பில் ஒரு செல் எப்படி இரண்டாகிறது, எந்த இடத்தில் நின்று சரிபார்த்துக்கொண்டு மேலே போகிறது என்று தெரியுமா? தெரியாது. அதையெல்லாம் மனிதர்கள் கற்றுக்கொண்டதில் பெரும் பங்கு இந்த ஈஸ்ட்டிடமிருந்துதான். ஒரே செல்தான், ஆனால் நம் செல்லைப் போலவே நடுவில் உட்கரு, சுற்றிலும் அதே தட்டுமுட்டுச் சாமான்கள். மனிதரிடம் போய், "உங்களிடமிருந்து இந்த மரபணுவை எடுத்துவிடுகிறேன், என்ன ஆகிறது பார்க்கலாம்" என்று கேட்க முடியாது. ஈஸ்ட்டிடம் கேட்கலாம். எடுத்த இடத்தில் மனித மரபணுவை வைத்தால் பல சமயம் அதையும் ஏற்றுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் வேலையைத் தொடரும். ரொட்டி டாக்டர் இதைப் பலருக்கும் விளக்கிப் பார்த்து ஓய்ந்துபோனவள். கேட்டவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் ரொட்டி சரியாக உப்பவில்லை, என்ன செய்யலாம்?

அவள் வேலை செய்யும் அறை மூன்றாவது மாடியில் நீளவாக்கில் இருக்கும். கருகிய ரொட்டியும் புளித்த மாவும் கலந்த வாசனை. மேசை மீது பல்குத்தும் குச்சிகள், அடுக்கடுக்காக வட்டத் தட்டுகள், வெந்த ஜெல்லியை ஊற்றி ஆறவைத்தவை. சன்னல் ஓரத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் ஊசிக்காரர் உட்கார்ந்திருப்பார். ஈஸ்ட்டின் வித்துகள் நான்கு நான்காக ஒரு பைக்குள் இருக்கும். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அவற்றைப் பிரித்து வரிசையாக வைப்பது அவர் வேலை. அந்த நேரத்தில் யாராவது கதவைச் சாத்தினால் மேசை அதிர்ந்து வித்து ஓடிவிடும். அதனால் ரொட்டி டாக்டர் அந்த அறையில் மட்டும் கதவை ஓங்கிச் சாத்தமாட்டாள். வீட்டில் அந்தப் பாக்கியையும் சேர்த்துச் சாத்துவாள்.

வீடு என்றால் அம்மா, அண்ணன், அண்ணி, அவள். குட்டி இருந்தவரைக்கும் குட்டியும்.

குட்டி அண்ணன் மகள். நடக்கப் பழகி, ஓடப் பழகி, அத்தையின் பையிலிருந்து பல்குத்தும் குச்சிகளை எடுத்து வீடு முழுக்க விதைக்கப் பழகியிருந்தாள். அவளிடம் மட்டும் ரொட்டி டாக்டருக்குக் கோபம் வந்ததே இல்லை. ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல். மற்ற பிள்ளைகள் எழுந்து ஓடின, குட்டி எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், மரபணுவைப் பார்த்தார்கள், விடை வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

விடை பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணனையும் அண்ணியையும் அம்மாவையும் உட்காரவைத்து விளக்கினார். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. அந்த அடுப்பின் ஒரு பாகத்துக்கான மரபணு குட்டிக்குத் தன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது. அம்மா கொடுத்தது பாதியில் அறுந்தது, வேலைக்கு ஆகாது, அதில் சந்தேகமில்லை. அப்பா கொடுத்ததிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கெடுதலா இல்லையா என்று தெரியவில்லை.

"அப்பா பக்கத்தைப் பத்தி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அம்மா ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். யார் பேச்சை யாருக்குக் கொடுக்க வேண்டும், எதை நடுவிலேயே துண்டிக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. டாக்டர் சொன்ன வாக்கியம் அவள் காதுக்குள் ஒரு மாதிரி போய் வாய் வழியாக வேறு மாதிரி வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து முதல் போனிலேயே சொன்னாள்: "பையன் பக்கம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டார்."

எதுவும் சொல்ல முடியாது என்பதற்கும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பதற்கும் இடையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை நசுங்கியது. அடுத்த வாரத்துக்குள் சொந்தபந்தம் முழுக்க அதே வாக்கியம். பையன் பக்கம் சொல்வதற்கு ஒன்றும் இல்லையாம். எல்லாம் அந்தப் பெண்ணின் ரத்தமாம். வயசு இருக்கிறது, வேறு ஒருத்தியைப் பார்த்தால் குழந்தை நன்றாகப் பிறக்குமாம்.

அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மூக்குக்கண்ணாடிகளின் பொடி ஆணியைச் சின்னத் திருப்புளியால் இறுக்கித் தருவாள். பிள்ளை போன பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "வீட்ல உக்காந்தா சுவரைப் பாத்துட்டே இருக்கணும்" என்றாள். அதற்கும் ஒரு பேச்சு வந்தது: பெற்றவளா இவள், கண்ணில் தண்ணீர் இருக்கிறதா பார்.

அண்ணன் லிப்ட் பழுது பார்ப்பவன். இருபது மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட நிதானமாகப் பேசி வெளியே கொண்டுவந்துவிடுவான். வீட்டுக்குள் வந்தால் வாயில் பூட்டு. அம்மா பேசும்போது தட்டைப் பார்ப்பான், அண்ணி பேசும்போது சன்னலைப் பார்ப்பான். ரொட்டி டாக்டருக்கு இந்த உலகத்தில் யார் மேல் அதிகக் கோபம் என்று கேட்டால், அம்மா இல்லை, இவன்தான்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அம்மா ஏதோ ஒரு பெண்ணின் போட்டோவை அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள், பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

"இதை எடும்மா" என்றாள் ரொட்டி டாக்டர்.

"நீ சும்மா இரு. இது பெரியவங்க விஷயம்."

"டாக்டர் சொன்னது தெரியலைன்னு. இல்லைன்னு இல்ல. தெரியாததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? இந்த வியாதி ரெண்டு பக்கமும் கெட்டாத்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் கெட்டா வராது. அப்ப உன் பையன் பக்கமும் ஏதோ இருக்கு!"

"எனக்குப் பாடம் எடுக்காத. எத்தனை தலைமுறையா நம்ம வீட்ல யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?"

"அவங்க வீட்லயும்தான் ஆகலை!"

"வாயாடாதடி. டாக்டருக்குத் தெரியாதது உன் ரொட்டிக்குத் தெரிஞ்சிடுமா?"

அவ்வளவுதான். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "தெரியும்மா. என் ரொட்டிக்குத் தெரியும். கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டுச் சன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன.

குட்டியின் மரபணுவை ஈஸ்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும், ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "குடும்பச் சண்டையக் கொண்டு வந்து தட்டுல ஊத்தாதம்மா" என்றார். ஆனால் அந்த மரபணுவுக்கு உறவான ஒன்று ஈஸ்ட்டிலும் உண்டு, இங்கே ஏற்கெனவே அந்த வகை மரபணுக்களில்தான் வேலை நடக்கிறது, நியாயமான கேள்விதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஊசிக்காரர் ரகசிய எண் போட்டுக் கொடுப்பார். "உனக்கு இப்ப இருக்கற கோபத்துக்கு, வெறும் தட்டைக் காட்டினாக்கூட வேணுங்கறது உன் கண்ணுக்குத் தெரியும்."

அதற்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள்.

ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை கொடுத்தால் அது சோம்பேறி. அடுப்பையே பற்றவைக்காமல் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் காலத்தை ஓட்டிவிடும். கிளிசரால் கொடுத்தால் அந்தப் பருப்பு வேகாது, அடுப்பு எரிந்தே ஆக வேண்டும். ஆகவே அவள் ஈஸ்ட்டின் சொந்த மரபணுவை எடுத்துவிட்டாள். அடுப்பு அணைந்தது. சர்க்கரையில் மட்டும் பிழைத்தது, கிளிசராலில் ஒரு பொட்டுக் கூட வரவில்லை. அதில் நல்ல மனித மரபணுவை வைத்தாள், அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது, கிளிசராலில் வெள்ளையாகக் கொழுத்து வளர்ந்தது. அந்தக் கணம் எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். மனித சாமான் ஒன்று ஈஸ்ட்டின் வயிற்றுக்குள் உட்கார்ந்து உழைக்கிறது!

பிறகு அதே மனித மரபணுவில் அண்ணியின் பக்கத்து அறுந்த மாற்றத்தை ஒன்றில் வைத்தாள், அண்ணன் பக்கத்து ஓர் எழுத்து மாற்றத்தை இன்னொன்றில். எல்லாவற்றையும் ஊசிக்காரரிடம் கொடுத்து எண் போட்டு வாங்கினாள். கிளிசரால் தட்டுகளில் திக்கான கரைசலிலிருந்து நீர்த்த கரைசல் வரை வரிசை வரிசையாகப் பொட்டு வைத்து, தட்டுகளை இன்குபேட்டருக்குள் அடுக்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள். வளர்ச்சி தெரிய ஆரம்பிக்கும் வரை வீட்டில் ஒருவரிடமும் சண்டை போடவில்லை. அம்மாவுக்கே பயம் வந்துவிட்டது.

தட்டுகளை எடுத்தபோது ஒரு வரிசை வெறுமையாக இருந்தது, இன்னொரு வரிசையும் வெறுமை. மற்ற இரண்டும் கொழுகொழுவென்று ஒன்றுபோல வளர்ந்திருந்தன. எது எது என்று சொல்லுங்கள் என்றாள். ஊசிக்காரர் தன் தாளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெறுமையா இருக்கறது ஒண்ணு மரபணுவே வைக்காதது. இன்னொண்ணு உங்க அண்ணி பக்கம்."

"அண்ணன் பக்கம்?"

"நல்லா வளந்திருக்கும்மா. நல்ல மரபணுவுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல."

திரும்பச் செய்தாள். புது ஈஸ்ட், புதுத் தட்டு, புது எண்கள். அதே விடை. தட்டைக் குப்பையில் வீசி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. எத்தனை கோபக்காரியாக இருந்தாலும் அவள் பொய்க்காரி இல்லை. வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அண்ணன் பக்கத்து மாற்றம் ஈஸ்ட்டில் ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால் இந்த நோய்க்குக் கணக்கு உதைக்கிறது, வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும், அதைத் தேட வேண்டும்.

அம்மா முதல் வாக்கியத்தோடு லைனைத் துண்டித்துவிட்டாள்.

"கேட்டியாடா? உன் தங்கச்சியே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா. உன் பக்கம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"அம்மா, நான் சொன்னது முழுசாக் கேளு! இது ஈஸ்ட்டு, இதை மட்டும் வெச்சு…"

"அன்னைக்குத்தான ஈஸ்ட்டுக்கு எல்லாம் தெரியும்னு குதிச்ச?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பாவி, பெற்ற பிள்ளை செத்ததில் தனக்குப் பங்கில்லை என்று தெரிந்து மூச்சு விடுகிறான்!

மறுநாள் அண்ணி பெட்டி கட்டினாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ரொட்டி டாக்டர் வாசற்படியில் நின்று, "அண்ணி, எதுக்கு இப்ப அவசரம்? இன்னும் பாக்க வேண்டியது இருக்கு" என்றாள்.

அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கேக்கறியா? அவ எப்பவும் நல்லாத்தான் இருந்தா. ஓடிட்டே இருப்பா. காய்ச்சல் அடிச்சா மட்டும் ஈரத்துணி மாதிரி துவண்டுடுவா. கடைசில வந்ததுல மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி வந்தப்பவும் அப்படித்தான். காய்ச்சல் விட்டா மறுபடி ஓடுவா. டாக்டர்கிட்ட சொன்னேன், உங்க அம்மாகிட்ட சொன்னேன், உங்க அண்ணன்கிட்ட…"

"அண்ணி, காய்ச்சல் வந்தா எல்லாப் பிள்ளையும்தான் துவளும். நான் பேசறது மரபணு விஷயம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அண்ணி பெட்டியின் பட்டையை இழுத்துப் பூட்டினாள். "சரி" என்றாள். தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாட்களில் ரொட்டி டாக்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரையும் கடித்துக் குதறினாள். பாட்டிலை மூடாமல் வைத்தவன், குச்சியை மேசையில் போட்டவள் யாரும் தப்பவில்லை. பக்கத்து அறைக்காரன்தான் அதிகம் மாட்டினான். அவன் மனித செல்களை வளர்ப்பவன். ஈஸ்ட் என்றால் அவனுக்குப் பேய் மாதிரி. காற்றில் ஒரு துகள் போய் அவன் குடுவைக்குள் விழுந்தால் போதும், மனித செல்களை அழித்துவிட்டு ஈஸ்ட் குடித்தனம் நடத்தும். அதனால் ஈஸ்ட் அறை ஆட்களைக் கண்டாலே கதவைப் பாதி திறந்து வைத்துத்தான் பேசுவான்.

அன்றைக்கு அவனிடம் கடன் வாங்கிய ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவன் இன்குபேட்டரைத் திறந்து ஏதோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க! உங்க சட்டை முழுக்க ஈஸ்ட்டு!"

"உன் பாட்டிலை நீயே வந்து வாங்கிக்க. நான் என்ன தொத்து வியாதியா?" என்று இரண்டடி உள்ளே போனாள். திறந்த கதவிலிருந்து சூடான காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. குழந்தையைத் தூக்கும்போது கழுத்தடியில் படும் சூடு. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எவ்வளவு வெச்சிருக்க?"

"எவ்வளவுன்னா? முப்பத்தேழுதான். மனுஷ உடம்பு பின்ன முப்பதுலயா இருக்கும்? உங்க ஈஸ்ட்டு ரூமுக்கு வந்தாலே எனக்குக் குளுருது."

முப்பது. ஈஸ்ட்காரர்களுக்கு முப்பது டிகிரி என்பது யோசித்து வைக்கும் எண் இல்லை. ஈஸ்ட் சுகமாக வளர்வது அதில். இன்குபேட்டரில் அது பொருத்தப்பட்ட நாளிலிருந்து அதே எண்தான் எரிந்துகொண்டிருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை, அதைப் பார்ப்பதுகூட இல்லை. ஊசிக்காரர் பார்க்கவில்லை, தலைவர் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சில புரதங்கள் குளிர்ச்சியில் ஒழுங்காக மடிந்து வேலை செய்யும், சூடு ஏறினால் குலைந்துவிடும். அப்படிப்பட்டவற்றை வைத்து வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்கிற ஆட்கள்தான் இவர்கள்! ஈஸ்ட்டின் மரபணு என்றால் கேட்காமலே சூட்டை மாற்றிப் பார்த்திருப்பாள். இது மனித மரபணு என்றதும் அதை ஈஸ்ட்டின் சுகத்துக்கு ஏற்ற சூட்டில் வைத்து, சௌக்கியமா என்று கேட்டிருக்கிறாள். அதுவும் சௌக்கியம் என்று சொல்லியிருக்கிறது. குட்டி எந்த நாளும் முப்பது டிகிரியில் இருந்ததில்லை. காய்ச்சலில் முப்பத்தேழிலும் இல்லை.

காய்ச்சல் அடிச்சா மட்டும் துவண்டுடுவா.

"ஏன்யா இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கல?" என்று பக்கத்து அறைக்காரனைப் பார்த்துக் கத்தினாள். அவன் பாட்டிலை வாங்கக் கையை நீட்டியபடி விழித்தான். பாவம், அவனுக்கு என்ன சொல்லத் தவறினான் என்று இன்று வரைக்கும் தெரியாது.

மூன்று இன்குபேட்டர்களைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்பதுதான் சரியான வார்த்தை, கேட்டு வாங்கவில்லை. ஒன்றில் முப்பது, ஒன்றில் முப்பத்தேழு, ஒன்றில் முப்பத்தெட்டரை. ஊசிக்காரர் மறுபடி எண் போட்டார். இந்த முறை தட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். முப்பதில் பழைய கதைதான், இரண்டு வரிசை கொழுத்து நின்றன. முப்பத்தேழில் அந்த இரண்டில் ஒன்று மெலிந்திருந்தது. முப்பத்தெட்டரையில் ஒரு வரிசை சுமாராக வளர்ந்திருக்க, அந்த ஒன்று மட்டும் துடைத்துவிட்டது போல் வெறுமை. அந்த எண்ணைச் சொன்னாள்.

"அண்ணன் பக்கம்" என்றார் ஊசிக்காரர்.

விட்டுவிடவில்லை. மறுபடி, மறுபடி செய்தாள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே வெறுமை. தலைவர் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பினார். அவர் வேறு ஒரு சோதனையும் செய்து பார்த்தார். பிறகு, அப்பா பக்கத்து மாற்றமும் கெடுதல்தான் என்று சொன்னார். சாதாரண நாட்களில் குட்டியை எப்படியோ தாங்கிப் பிடித்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் கைவிட்டிருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போனபோது அம்மாவும் அண்ணனும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகளை வெளியே எடுத்து வரக் கூடாது என்பது சட்டம். போனில் படம் இருந்தது. டிவியை அணைத்துவிட்டுப் படத்தை இருவர் முகத்துக்கும் நேராக நீட்டினாள்.

அம்மா கேட்டு முடித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். "உன் ஈஸ்ட்டு அன்னைக்கு ஒண்ணு சொல்லுச்சு, இன்னைக்கு ஒண்ணு சொல்லுது. நாளைக்கு என்ன சொல்லும்?"

"ஈஸ்ட்டு மாத்திச் சொல்லலம்மா. நான்தான் தப்பாக் கேட்டேன். நீ கேக்கவே இல்ல. அண்ணி கரடியாக் கத்தினாங்க, காய்ச்சல் காய்ச்சல்னு. இந்த வீட்ல ஒருத்தர் காதுலயாவது விழுந்துதா? இப்பப் போன் எடு. அன்னைக்கு யாருக்கெல்லாம் போட்டியோ அத்தனை பேருக்கும் போடு. உன் பையன் பக்கமும் இருக்குன்னு உன் வாயால சொல்லு. இன்னொருத்தியக் கொண்டு வந்தாலும் அது அவன்கிட்டதான் இருக்கும்னு சொல்லு!"

அம்மா போனை எடுக்கவில்லை. அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப… எங்கிட்டருந்தும்தானா?" என்றான்.

"ஆமா. ரெண்டு பேர்கிட்டருந்தும். யார் மேலயும் குத்தம் இல்ல. தெரிஞ்சா கொடுத்தீங்க? ஆனா பழிய மட்டும் தெரிஞ்சுதான் கொடுத்த. எழுந்திரு. போய்க் கூட்டிட்டு வா."

அவன் எழுந்தான். வாசல் வரை போய்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீ போயேன்" என்றான். "அன்னைக்கு நீதான வந்து சொன்ன, என் பக்கம் ஒண்ணும் இல்லன்னு. நீயே போய்ச் சொல்லு."

அவனை அறைந்திருப்பாள். ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

அண்ணியின் அக்கா வீடு நாலாவது மாடி. கதவைத் திறந்தவள் அண்ணிதான். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள்; சட்டைப் பையில் சின்னத் திருப்புளி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. ரொட்டி டாக்டர் வாசலிலேயே நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது டிகிரியில் தான் செய்த தப்பையும் சொன்னாள். போனைக் கையில் கொடுத்தாள்.

அண்ணி படத்தை விரலால் பெரிதாக்கினாள். பொடி ஆணியைப் பார்க்கிற அதே பார்வை. வெறுமையான இடத்தில் விரல் நின்றது.

"இது எத்தனை டிகிரி?"

"முப்பத்தெட்டரை, அண்ணி."

"அவளுக்கு அன்னைக்கு இதைவிட அதிகம்."

படியில் யாரோ ஏறிப் போனார்கள். அண்ணி வழிவிட்டு ஒதுங்கி நின்று, அவர்கள் போன பிறகு பேசினாள்.

"உங்க அண்ணன் வரலையா?"

"இல்ல."

"உங்க அம்மா?"

ரொட்டி டாக்டர் தலையை மட்டும் ஆட்டினாள். "அண்ணி, நீங்க சொன்னது சரி. நீங்க சொன்னதுதான் சரி. வாங்க, வீட்டுக்குப் போகலாம். நான் இருக்கேன்."

அண்ணி போனைத் திருப்பிக் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் பெத்தவ. ராத்திரியும் பகலும் தூக்கி வெச்சிருந்தவ. நான் சொன்னேன், யாரும் கேக்கல. நீயும் கேக்கல. உன் ஈஸ்ட்டுக்குக் காய்ச்சல் வந்தப்புறம்தான நம்புற? சந்தோஷம். உங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லு, பையன் பக்கம் சொல்றதுக்கு நிறைய இருக்குன்னு. எனக்குத்தான் இனிமே சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

கதவை அவள் ஓங்கிச் சாத்தவில்லை, ஊசிக்காரர் வேலை செய்யும் அறைக் கதவைப் போல மெதுவாகத்தான் சாத்தினாள். ரொட்டி டாக்டர் அந்தக் கதவுக்கு முன்னால் போனைப் பிடித்தபடி நின்றாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் திருப்பித் தட்டியிருப்பாள்.